ஜிசிசி 14-ஐ மூலநிரலிலிருந்து கட்டுவது

ஜிசிசி ஒரு கம்பைலர், அதாவது நாம் சி, சி++ போன்ற மொழிகளில் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் கருவி. டெபியன் 12 என்ற லினக்ஸில், ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாகக் கிடைப்பது அதன் 12-ஆம் பதிப்பு. பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே தாராளம். எனக்கு 14 தேவைப்பட்டது. காரணம் தமிழ்.

இடப்பக்கம் ஊர்ப் பெயர்கள், வலப்பக்கம் எண்கள் என்று நெடுவரிசையாக அச்சிடும் ஒரு சி++ நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். பெயருக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கி, மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பச் சொல்ல வேண்டும். எளிய வேலைதான். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் எவ்வளவு? எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 கணக்கில் 15 பைட். யூனிகோடு குறியெண்களாக எண்ணினால் 5. நாம் எழுத்துக்கூட்டிப் படித்தால் 3. சி++ தரநிலை கேட்பது இந்த மூன்றாவது கணக்கை. அடிப்படை எழுத்தும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, கால், புள்ளி எல்லாமும் சேர்ந்து ஒரு கொத்து. கொத்துக்கு ஒன்று என்று எண்ண வேண்டும். ஜிசிசியோடு வரும் சி++ நூலகத்தில் இந்த எண்ணிக்கை முறைப்படி சேர்ந்தது 2024 மே மாதம் வெளியான 14-ஆம் பதிப்பில். நிரலில் இப்படி அச்சிட உதவும் ‘பிரிண்ட்’ ஹெடர் வந்ததும் அதில்தான். ‘க்ஷ’வை மட்டும் அது இரண்டாக எண்ணும், யூனிகோடு விதி அப்படி. எழுத்துரு திரையில் எவ்வளவு அகலம் எடுத்துக்கொள்கிறது என்பது இன்னொரு பெரிய கதை, அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

“அண்ணா, டாக்கர்ல 14 ரெடியா இருக்கே, ஒரு கமாண்டுல வந்துடுமே” என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. சரிதான். டாக்கரில் ஏற்கெனவே கட்டி வைத்ததை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். நாளைக்கே வேலையை முடித்துக் கொடுக்க வேண்டுமென்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் நான் எழுதும் ஒவ்வொரு வரியும் கம்பைலர் வழியாகத்தான் கடந்துபோகிறது. அது எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது என்பதை ஒருமுறையாவது கிட்டத்தில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக உண்டு. நிரல் எழுதிப் பிழைக்கிற எல்லாரும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஜிசிசி 14.2-இன் மூலநிரல் சுருக்கப்பட்ட நிலையில் 90 எம்பிக்குக் கொஞ்சம் முன்பின். கூடவே ஒரு கையொப்பக் கோப்பு கிடைக்கும். இரண்டையும் இறக்கி, ஜிபிஜி என்ற கருவியைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள். விரித்ததும் வட்டில் ஒரு ஜிபி அளவுக்குப் பரவும். அப்புறம் கட்டும் இடத்துக்கும் சேர்த்து பத்து ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்வது நல்லது.

விரித்த கையோடு, கட்டுவதற்கு முன் கணினியைச் சோதித்து ஆயத்தம் செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டினால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்: ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி மூன்றும் இல்லாமல் கட்ட முடியாது என்று. இவை மூன்றும் கணித நூலகங்கள். ஜிஎம்பி 1991-இல் முதலில் வெளியானது, எவ்வளவு பெரிய முழு எண்ணையும் கையாளும். எம்பிஎஃப்ஆர் பிரான்சில் வளர்ந்தது, தசம எண்களை வேண்டிய துல்லியத்துக்குக் கணக்கிட்டு முறைப்படி முழுமையாக்கும். எம்பிசி சிக்கலெண்களுக்கு. ஒரு கம்பைலருக்கு இவ்வளவு கணிதம் எதற்கு?

நிரலில் சைன் 1.0 என்று ஒரு மாறிலியை எழுதியிருந்தால், அதை நிரல் ஓடும்போது கணக்கிட வேண்டிய தேவை இல்லை. கம்பைலரே கணக்கிட்டு விடையை எழுதிவிடலாம். கேள்வி, எந்தக் கணினியின் சைன்? நான் இங்கே இன்டெல் கணினியில் உட்கார்ந்துகொண்டு ஏஆர்எம் கணினிக்காகக் கட்டினால், கட்டும் கணினியின் கணித நூலகத்தைக் கேட்டுவிட்டு விடையை அங்கே அனுப்ப முடியாது. கடைசி பிட் மாறலாம். எந்தக் கணினியில் கட்டினாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதற்காகவே எம்பிஎஃப்ஆர். 2008-இல் வந்த 4.3-ஆம் பதிப்பிலிருந்து ஜிஎம்பியும் எம்பிஎஃப்ஆரும் ஜிசிசிக்குக் கட்டாயம். மூன்று பேக்கேஜ் பெயர்களைத் தேடி நிறுவிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் இந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, என் நிரல்களில் மாறிலிகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

மூலநிரலின் ‘கான்ட்ரிப்’ ஃபோல்டரில் ‘டவுன்லோட் பிரிரெக்விசிட்ஸ்’ என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை ஓட்டினால் இந்த நூலகங்களின் சரியான பதிப்புகளை இறக்கி, செக்சம் (கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் எண்) ஒத்துப்போகிறதா என்று பார்த்து, மூலநிரலுக்குள்ளேயே இணைத்துவிடும். நான் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். கம்பைலரோடு சேர்ந்து அவையும் கட்டப்படும், கணினியில் ஏற்கெனவே இருப்பவற்றோடு மோதாது.

இன்னொரு விஷயம்: மூலநிரல் இருக்கும் ஃபோல்டருக்குள்ளே நின்று கட்டக் கூடாது. வெளியே தனி ஃபோல்டர் உருவாக்கி, அங்கிருந்து கான்ஃபிகரை அழைக்க வேண்டும். ஜிசிசியின் ஆவணமே இதை வலியுறுத்திச் சொல்கிறது. ஏதாவது கெட்டுப்போனால் கட்டிய ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், மூலநிரல் தொடாமல் அப்படியே இருக்கும்.

கான்ஃபிகருக்கு நான் கொடுத்தவை மூன்றே விருப்பங்கள். நிறுவும் இடம், ஆப்ட் வழக்கமாக நிறுவும் இடம் அல்ல, ‘ஓபிடி’ ஃபோல்டருக்குள் ‘ஜிசிசி-14’ என்று தனியே. மொழிகள் சி, சி++ மட்டும். மூன்றாவது ‘டிஸேபிள் மல்டிலிப்’. இந்த மூன்றாவதைக் கொடுக்காவிட்டால் 32 பிட் நூலகங்களையும் சேர்த்துக் கட்ட முனையும். அதற்கான ஹெடர்கள் கணினியில் இல்லை என்று புலம்பி நிற்கும். 32 பிட் தேவை இல்லாதவர்கள் அதை மூடிவிடுவதே நிம்மதி.

சரி, கட்டும் வேலையை நடத்தும் மேக் கட்டளையைத் தட்டியாயிற்று. இங்கிருந்துதான் நான் சொல்ல வந்ததே தொடங்குகிறது.

ஜிசிசி சி++ மொழியில் எழுதப்பட்டது. 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டபோது அது சி மொழியில் இருந்தது. 2013-இல் வந்த 4.8-லிருந்து அதைக் கட்டவே ஒரு சி++ கம்பைலர் வேண்டும் என்றாகிவிட்டது. ஆக, சி++ கம்பைலரைக் கட்ட சி++ கம்பைலர் வேண்டும். வீட்டில் பால் எவ்வளவு இருந்தாலும், தயிராக்க நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை ஊற்ற வேண்டும் அல்லவா, அதே கதை. என் கணினியில் இருந்த ஜிசிசி 12 அந்த உறை.

ஆனால் ஜிசிசி ஒருமுறை கட்டுவதோடு நிறுத்துவதில்லை. முதல் கட்டத்தில் பழைய கம்பைலர் புதிய கம்பைலரைக் கட்டுகிறது. இதில் வேகத்துக்கான மெருகு எதுவும் இல்லை, சரியாக வேலை செய்தால் போதும். இரண்டாம் கட்டத்தில், அப்படிக் கிடைத்த புதிய கம்பைலர் அதே மூலநிரலை மறுபடி கட்டுகிறது. மூன்றாம் கட்டத்தில், இரண்டாவதாகக் கிடைத்தது இன்னொரு முறை கட்டுகிறது. கடைசியில் இரண்டாம் கட்டத்தின் ஆப்ஜெக்ட் கோப்புகளையும் (மூலநிரலை மாற்றிக் கிடைத்த இயந்திரக் கட்டளைகள்) மூன்றாம் கட்டத்தினுடையவற்றையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்திருக்க வேண்டும்.

ஏன் ஒத்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள், அழகான தர்க்கம் இது. முதல் கட்டக் கம்பைலரைக் கட்டியது ஜிசிசி 12, இரண்டாம் கட்டத்தைக் கட்டியது ஜிசிசி 14. அதனால் அவை இரண்டும் உள்ளே வேறுவேறு இயந்திரக் கட்டளைகளால் ஆனவை. ஆனால் மூலநிரல் ஒன்றே என்பதால் அவற்றின் நடத்தை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே நடத்தை உள்ள இரண்டு கம்பைலர்களிடம் ஒரே மூலநிரலைக் கொடுத்தால் ஒரே விளைச்சல் வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது: பழைய கம்பைலரிலோ, புதியதிலோ, சில சமயம் கணினியின் நினைவகத்திலோ. அப்போது ஒப்பீடு தோற்றது என்று சொல்லி வேலை நின்றுவிடும்.

டெர்மினலில் ஓடும் வரிகளைக் கவனித்தால் கட்டம் மாறுவது தெரியும். முதல் கட்டத்தில் ஒவ்வொரு வரியும் சாதாரண ‘ஜி++’ என்று தொடங்குகிறது. திடீரென்று வரிகள் நீளமாகி, ‘ப்ரிவ்-ஜிசிசி’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘எக்ஸ்ஜி++’ என்று தொடங்க ஆரம்பிக்கும். சற்று முன் பிறந்த கம்பைலர் தன் அடுத்த தலைமுறையைக் கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வரி மாறிய நேரத்தில் நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் இன்னொன்றும் நடக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. கம்பைலரைக் கட்டுவதற்கு முன் சில சிறிய நிரல்கள் கட்டப்படுகின்றன. அவற்றின் வேலை, கம்பைலரின் சில பகுதிகளை எழுதுவது. ‘மேட்ச் டாட் பிடி’ என்று ஒரு கோப்பு உண்டு. ஒரு கணக்கை எப்படியெல்லாம் எளிதாக்கலாம் என்ற விதிகளை வரிசையாக அடுக்கிய கோப்பு. ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் பூஜ்ஜியம் என்பது அவற்றில் ஒன்று. பள்ளிக்கூட விதி. ஆனால் அங்கே ஒரு நிபந்தனை ஒட்டியிருக்கிறது: முழு எண்ணுக்கு இது எப்போதும் சரி, தசம எண்ணாக இருந்து, அது முடிவிலியாகவோ ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மதிப்பாகவோ இருக்க வாய்ப்பு இருந்தால் இந்த எளிமையாக்கம் கூடாது. இந்த விதிகளைப் படித்து ‘ஜென்மேட்ச்’ என்ற நிரல் பிரம்மாண்டமான சி++ கோப்புகளை எழுதித் தள்ளுகிறது. அப்படி எழுதப்பட்ட ‘கிம்பிள்-மேட்ச்’ கோப்பு ஒன்றைக் கட்டவே முன்பு நெடுநேரம் பிடித்ததால் மற்ற வேலைகளெல்லாம் அதற்காகக் காத்துக் கிடந்தன. 14-ஆம் பதிப்பில் அதைப் பத்தாகப் பிரித்துவிட்டார்கள், இப்போது பல கோர்களில் ஒரே நேரத்தில் கட்டலாம்.

கோர் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. மேக் கட்டளைக்கு ‘ஜே’ விருப்பத்தோடு எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் செய்யலாம் என்று சொல்லலாம். கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அதை உயர்த்தினால் ரேம் தீர்ந்துபோகும். லினக்ஸின் மையமான கர்னல் ஏதாவது ஒரு வேலையைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’ என்று மட்டும் வரும். ஜிசிசியில் பிழை என்று நினைத்து மணிக்கணக்காகத் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணைக் குறைத்து மறுபடி மேக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எல்லாம் முடிந்து கடைசியில் ஒப்பீட்டு முடிவு வருகிறது. ‘சிசி1-செக்சம் வேறுபடுகிறது’ என்ற எச்சரிக்கை முதலில் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். அந்தக் கோப்பு கம்பைலரின் அடையாள எண்ணைச் சுமப்பது, முன்கூட்டியே தொகுத்து வைத்த ஹெடர்கள் இந்தக் கம்பைலருக்குரியவைதானா என்று பார்க்க உதவுவது. அது வேறுபடலாம் என்று தெரிந்தே ஒப்பீட்டிலிருந்து விலக்கியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரி, ஒப்பீடு வெற்றி. டீபக் தகவல்கள், அதாவது பிழை தேட உதவும் குறிப்புகள், இல்லாமல் இரண்டாம் கட்டமும், அவற்றோடு மூன்றாம் கட்டமும் கட்டப்படுகின்றன. ஒப்பிடும்போது அந்தத் தகவல்களை நீக்கிவிட்டே பார்க்கிறார்கள். டீபக் கேட்டால் உருவாகும் கட்டளைகள் மாறிவிடக் கூடாது என்பதும் இதே ஒப்பீட்டில் சோதிக்கப்பட்டுவிடுகிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

நிறுவுவதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘மேக் இன்ஸ்டால்’ கொடுத்தால் தனி ஃபோல்டரில் போய் உட்காரும், வேண்டாமென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். ஆனால் முதல் சி++ நிரலைக் கட்டி ஓட்டியதும் ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் 3.4.32 இல்லை’ என்று வர நிறைய வாய்ப்பு உண்டு. கட்டியது புதிய கம்பைலர்; ஓடும்போது கைக்குக் கிடைத்தது கணினியின் பழைய சி++ நூலகம். அதில் 3.4.30 வரைதான் இருக்கிறது. இதற்காகக் கணினியின் நூலகக் கோப்பைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கச் சொல்லும் ஆலோசனைகள் உலவுகின்றன; தயவுசெய்து கேட்காதீர்கள், மற்ற நிரல்கள் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. நிரலை நூலகங்களோடு இணைக்கும் லிங்க் கட்டத்தில் ‘ஆர்பாத்’ விருப்பத்தில் புதிய நூலகம் இருக்கும் ‘லிப்64’ ஃபோல்டரைக் கொடுத்துவிடுங்கள். அந்த நிரல் மட்டும் அங்கே போய்த் தேடும்.

இனி, அந்த ‘ஒப்பீடு வெற்றி’ என்ற வரிக்குத் திரும்ப வேண்டும். அது எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்யவில்லை?

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், 1983-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரை 1984-இல் அச்சில் வந்தது. அதில் அவர் காட்டிய வித்தை இது. சி கம்பைலருக்குள் இரண்டு பொறிகளை வைக்கிறார். லாகின் நிரலைக் கட்டுகிறோம் என்று தெரிந்தால், தனக்கு மட்டும் தெரிந்த ஒரு கடவுச்சொல்லையும் ஏற்கும்படி அதை மாற்றிக் கட்ட வேண்டும். கம்பைலரையே கட்டுகிறோம் என்று தெரிந்தால், இந்த இரண்டு பொறிகளையும் புதிய கம்பைலருக்குள் சேர்த்துவிட வேண்டும். ஒருமுறை கட்டியபின் மூலநிரலிலிருந்து இரண்டையும் நீக்கிவிடுகிறார். இப்போது மூலநிரலை எத்தனை பேர் எத்தனை முறை படித்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் அதைக் கட்டினால் பொறி மறுபடி வந்துவிடும், ஏனென்றால் கட்டும் கம்பைலருக்குள் அது இருக்கிறது.

இப்படி ஒரு பொறி என் ஜிசிசி 12-இல் இருந்தால், மூன்று கட்டங்களும் அதைக் கடத்திக்கொண்டு வந்திருக்கும். இரண்டும் மூன்றும் கச்சிதமாக ஒத்துப்போயிருக்கும். ஒப்பீடு வெற்றி என்றுதான் வந்திருக்கும். அந்த ஒப்பீடு பிழையைப் பிடிக்கும், வஞ்சகத்தைப் பிடிக்காது.

டேவிட் வீலர் 2005-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும் 2009-இல் முனைவர் பட்ட ஆய்விலும் இதற்கு ஒரு வழி சொன்னார். சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பைலரை எடுத்து, அதைக் கொண்டு நம் கம்பைலரின் மூலநிரலைக் கட்டு. கிடைத்ததைக் கொண்டு மறுபடி கட்டு. வந்ததை, வழக்கமான வழியில் கிடைத்ததோடு பைட் பைட்டாக ஒப்பிடு. முன்பு சொன்ன அதே தர்க்கம்தான். தொடங்கிய கம்பைலர் எதுவானாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு வழிகளும் ஒத்துப்போனால், இரண்டு கம்பைலர்களிலும் ஒரே பொறி இருந்தால்தான் ஏமாற முடியும். இதை வீட்டிலேயே செய்யலாம்: கான்ஃபிகரிடம் ஜி++-க்குப் பதில் கிளாங் என்ற வேறொரு கம்பைலரைக் கொடுத்து ஜிசிசியைக் கட்டி, மூன்றாம் கட்டக் கோப்புகளை ஒப்பிட வேண்டும். இரண்டு முறையும் ஒரே ஃபோல்டர் பெயரில் கட்டுங்கள், ஃபோல்டர் பாதை சில கோப்புகளுக்குள் பதிந்துவிடும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாராவது சொன்னால் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் விவகாரத்தை நினைவுபடுத்துவேன். நான் இறக்கிய ஜிசிசி மூலநிரலே எக்ஸ்இசட் முறையில் சுருக்கப்பட்டதுதான். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் லாகின் அரை வினாடி தாமதமாவது ஏன் என்று துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு இருப்பதை வெளிப்படுத்தினார். அந்தப் பதிப்புகள் டெபியன் 12-க்கு வந்து சேரவில்லை, அதனால் என் கணினி தப்பியது. பின்கதவின் உடல், சோதனைக்கான சுருக்கக் கோப்புகள் என்ற பெயரில் எல்லாரும் பார்க்கும் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதை எழுப்பிவிடும் ‘பில்ட்-டு-ஹோஸ்ட்’ என்ற சின்னக் கோப்பு மட்டும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டி வைத்த பொதிக்குள் மட்டும் இருந்தது. கான்ஃபிகரை உருவாக்கும் பகுதியில். யாரும் படிக்காத பகுதியில். மூலநிரலைக் களஞ்சியத்தில் படித்துவிட்டுப் பொதியை இறக்கிக் கட்டியவர், தான் படித்ததைக் கட்டவில்லை.

அதனால்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்கள், வேரிலிருந்து தொடங்கலாம் என்று கிளம்பியவர்கள். 2023 ஏப்ரலில் க்னூ கிக்ஸ் என்ற லினக்ஸ் வெளியீட்டின் குழு அறிவித்தது: தங்கள் பேக்கேஜ்கள் எல்லாவற்றுக்கும் வேராக இருப்பது 357 பைட் கொண்ட ஒரே ஒரு பைனரி (கணினி நேரடியாக ஓட்டும் கோப்பு). அதன் பெயர் ஹெக்ஸ்0. பதினாறடிமான எண்களாக எழுதியதைப் பைட்டாக மாற்றுவது மட்டுமே அதற்குத் தெரிந்த வேலை. அதிலிருந்து கொஞ்சம் பெரிய கருவி, அதிலிருந்து ஒரு குட்டி சி கம்பைலர், பிறகு மெஸ், டைனிசிசி என்ற சிறு கம்பைலர்கள், அங்கிருந்து 2.95 என்ற மிகப் பழைய ஜிசிசி, பிறகு 4.6, அப்படியே ஏறி இன்றைய ஜிசிசி வரை. 4.8-லிருந்து சி++ இல்லாமல் ஏற முடியாது என்பதால்தான் நடுவில் அந்தப் பழைய படிகள். இதை ஓட்ட ஒரு கர்னலும் கைல் என்ற நிரல்மொழியின் தயார்நிலை பைனரியும் இன்னும் வேண்டியிருக்கின்றன. அதையும் அவர்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த 357 பைட்டும் எதற்கு எது என்ற விளக்கத்தோடு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. இது ஓடக்கூடிய கோப்பு என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஈஎல்எஃப் தலைப்பில் தொடங்குகிறது, அப்புறம் கோப்பைத் திறக்கும் கட்டளைகள். இன்டெல் வகைச் செயலிகளின் எக்ஸ்86 கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் அந்தப் படிகளை என் கணினியிலேயே ஏறிப் பார்க்கப் போகிறேன், ஜிசிசி 2.95 வரையாவது.